பிழையை அறிந்து திருத்தும் ஆடி

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வீட்டுத் திண்ணையில் பதினொரு பிள்ளைகளோடு தொடங்கிய மாலை வகுப்பு, இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இவ்விழாவில் இளைஞர்களுக்கு அறிவியல் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு குழுவினர் எம்மைப் பணித்தனர். யாம் தேர்ந்துகொண்ட பொருள் பலருக்கும் புதியது. தன் உருவை நொடிக்குப் பன்னூறு முறை மாற்றிக்கொள்ளும் ஆடி ஒன்றைப் பற்றியே பேச விழைகிறோம். அதற்கும் நமக்கும், அதற்கும் இப்புதுச்சேரிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அதனைச் சொல்லவே வந்துள்ளோம்.

வெள்ளிக்காக வந்தவர்

வெள்ளி விழாவில் வெள்ளிக் கோளை நினைவுகூர்ந்து தொடங்குவது பொருத்தமாகும். வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் குறுக்காகக் கடந்து செல்லும் காட்சி மிக அரிதாகவே நிகழும். நம் காலத்தில் 2004ஆம் ஆண்டிலும் 2012ஆம் ஆண்டிலும் நிகழ்ந்தது. இனி 2117ஆம் ஆண்டில்தான் நிகழும். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நிகழ்வை அளந்து, புவிக்கும் ஞாயிற்றுக்கும் உள்ள தொலைவைக் கணக்கிட ஐரோப்பிய அறிஞர்கள் உலகின் பல மூலைகளுக்கும் புறப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பிரெஞ்சு வானியலார் குயோம் லெ ஜாந்தீ. அவர் தேர்ந்த இடம் நம் புதுச்சேரி.

1760ஆம் ஆண்டில் பிரான்சை விட்டுப் புறப்பட்ட அவர், 1761இல் இவ்வூரை அணுகுமுன்னரே ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றிவிட்டனர். கரையிறங்க இயலாமல், ஆடும் கப்பலில் இருந்தவாறே வெள்ளியின் நகர்வைக் கண்டார். ஆடும் தளத்தில் கண்ட காட்சியால் துல்லியமான அளவீடு எதுவும் கிட்டவில்லை. அடுத்த நிகழ்வு எட்டு ஆண்டுகள் கழித்து என்பதால் இக்கடற்பகுதியிலேயே தங்கிவிட்டார். 1768இல் பிரெஞ்சுக்காரர்களிடம் மீண்டிருந்த புதுச்சேரிக்கு வந்து, கோட்டை மாளிகையின் இடிபாடுகளின் மேல் வான்காட்சி நிலையம் ஒன்றை அமைத்துக்கொண்டு காத்திருந்தார். 1769 சூன் 4ஆம் நாள் விடிந்தது. அந்நேரம் பார்த்து மேகம் திரண்டது. வெள்ளி கடந்து முடிந்த பின்னரே ஞாயிறு வெளிப்பட்டது. பதினோர் ஆண்டுகள் கழித்து 1771இல் ஊர் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டார் என்று கருதி உறவினர்கள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்.

இக்கதையைக் கேட்டு நகைப்பவர் உண்டு, இரங்குபவரும் உண்டு. யாம் இதனைச் சொன்னதற்குக் காரணம் வேறு. வானை நோக்குவோனுக்கும் வானுக்கும் இடையில் காற்று என்னும் திரை உள்ளது. மேகம் அத்திரையின் கண்ணுக்குத் தெரியும் குற்றம். மேகமே இல்லாத தெளிந்த இரவிலும் அத்திரைக்கு வேறொரு குற்றம் உண்டு.

விண்மீன் ஏன் மின்னுகிறது?

நண்பகலில் விழுப்புரம் சாலையில் தொலைவில் வரும் பேருந்தைப் பாருங்கள். தாரின் மேல் கானல் எழுந்து, பேருந்து நீரில் ஆடுவதுபோல் ஆடும். ஆடுவது பேருந்தன்று; சூடும் குளிர்ச்சியும் கலந்த காற்றின் ஊடாக வரும் ஒளி வளைந்து வளைந்து வருவதே காரணம். விண்மீன் மின்னுவதும் இவ்வாறே. பல கோடிக் கோடி கல் தொலைவைக் கடந்து தட்டையான அலையாக வந்த விண்மீன் ஒளி, நம் தலைக்கு மேலுள்ள சில பத்துக் கிலோமீட்டர் காற்றைக் கடப்பதற்குள் கசங்கிய துணிபோல் ஆகிவிடுகிறது. சலவை செய்த வேட்டி வாசற்படியில் கசங்கியதற்கு ஒப்பாகும் இது.

கண்ணுக்கு இம்மின்னல் அழகு. தொலைநோக்கிக்கோ இடையூறு. சவ்வாது மலையிலுள்ள காவலூரில், நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்று உள்ளது. 1986இல் அதற்கு வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. ஆடி பெரிதானால் ஒளி மிகுதியாகத் திரளும். நுண்ணிய விவரமும் தெளிவாகத் தெரிய வேண்டும். முதற்பயன் கிட்டும், இரண்டாம் பயன் கிட்டாது. காற்றின் கலக்கத்தால், விவரத்தைப் பிரித்துக் காட்டும் ஆற்றலில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியும் ஏறத்தாழ 10, 20 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு தொலைநோக்கியின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. 1704இல் வெளிவந்த தம் ஒளியியல் நூலில் நியூட்டன் இதனைக் குறித்து, உயர்ந்த மலையுச்சியின் அமைதியான காற்றே இதற்கு மருந்து என்ற கருத்தினை எழுதினார். இரண்டரை நூற்றாண்டுகளாக உலகம் அதனையே நம்பிற்று.

1953இல் அமெரிக்க வானியலார் ஒரேசு பாப்காக் வேறொன்றைச் சொன்னார். காற்று ஒளியை எவ்வளவு கசக்கியதோ, அதை அளந்து, அதற்கு நேர்மாறாக ஆடியின் முகத்தைக் கசக்கிவிட்டால் என்ன? கசங்கிய அலை, அவ்வாறே கசங்கிய ஆடியில் பட்டு மீளும்போது நேராகிவிடும் அன்றோ? கருத்து எளிது, செய்வதற்குரிய கருவிகள்தாம் அக்காலத்தில் இல்லை. அவை 1970களில் வந்தன. ஆனால் வந்த இடம் அமெரிக்கப் படைத்துறை. பகைவரின் செயற்கைக் கோள்களைத் தரையிலிருந்து உற்றுநோக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. எனவே அவ்வாராய்ச்சியின் பெரும்பகுதி பூட்டி வைக்கப்பட்டது. 1991இல்தான் அப்பூட்டு திறந்தது.

அதற்குள் பிரான்சில் அறிவியலார் தாமே வழி கண்டனர். 1989 அக்டோபரில், தென் பிரான்சின் ஒத்-புரோவான்சு வான்காட்சி நிலையத்தில், 1.52 மீட்டர் தொலைநோக்கியில், 19 உந்துகோல்கள் பொருத்திய சிறு ஆடி ஒன்றைக் கொண்டு காற்றின் கலக்கத்தை வென்று விண்மீனின் கூர்மையான படத்தை எடுத்தனர். செய்ததை வெளியிட்டும் விட்டனர். பூட்டி வைத்த அறிவின் வலியை நம்மைப்போல் அறிந்தவர் யார்? எவர் பூட்டினாலும் அறிவு வேறொரு வாசல் வழியே வெளிவந்தே தீரும் என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

கண், மூளை, கை

இவ்வமைப்புக்குத் தகவமைவு ஒளியியல் என்பது பெயர். இதற்கு மூன்று உறுப்புகள்: அளக்கும் கண், கணக்கிடும் மூளை, திருத்தும் கை.

முதலில் கண். மார்கழியில் நம் தாய்மார்கள் வாசலில் புள்ளிக் கோலம் இடுவதை அறிவீர்கள். வரிசை பிசகாமல் புள்ளிகள் இருந்தால்தான் கோலம் அமையும். அலைமுகப்பு உணரி என்னும் கருவியில், குண்டூசித் தலையளவுள்ள நுண் வில்லைகள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வில்லையும் விண்மீன் ஒளியை ஒரு புள்ளியாகக் குவிக்கும். வந்த அலை தட்டையாக இருந்தால் புள்ளிகள் ஒழுங்கான கோலமாக விழும். அலை எங்கேனும் சாய்ந்திருந்தால் அவ்விடத்துப் புள்ளி சற்றே விலகி விழும். எந்தப் புள்ளி, எத்திசையில், எவ்வளவு விலகியது என்பதே செய்தி. ஓர் அலையில் குறை உள்ளது என்று மட்டும் இக்கருவி சொல்வதில்லை. குறை எங்கே, எவ்வளவு என்று சொல்கிறது. இதனை நினைவில் வையுங்கள்.

அடுத்தது மூளை. கணிப்பொறி அவ்விலகல்களைக் கொண்டு ஆடியின் ஒவ்வோர் இடமும் எவ்வளவு முன்னோ பின்னோ நகர வேண்டும் என்று கணக்கிடும். அலை ஒரிடத்தில் ஒரு மைக்ரான் பின்தங்கியிருந்தால், ஆடி அவ்விடத்தில் அரை மைக்ரான் நகர்ந்தால் போதும். போகும் வழியிலும் மீளும் வழியிலுமாகத் திருத்தம் இருமடங்காகிவிடும். தலைமயிரின் பருமன் ஏறத்தாழ எழுபது, எண்பது மைக்ரான். அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த அசைவு இது. காற்று ஒரு நொடியின் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் மாறிவிடும். ஆகவே அளப்பதும் கணக்கிடுவதும் திருத்துவதும் நொடிக்குப் பன்னூறு முறை, சில கருவிகளில் ஆயிரம் முறை, நடந்தாக வேண்டும்.

மூன்றாவது கை. இதுவே நம் பொருளின் நடுப்பகுதி. மெல்லிய கண்ணாடித் தகட்டின் முன்புறத்தில் வெள்ளியோ அலுமினியமோ பூசி ஆடியாக்குவர். பின்புறத்தில் சிறு தூண்கள்போல் உந்துகோல்கள் நிற்கும். ஒவ்வொன்றும் தன்னிடத்தில் தகட்டைத் தள்ளும்; இழுக்கும். இவ்வுந்துகோலின் உயிர் எது? உங்கள் அடுக்களையில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை எண்ணிப்பாருங்கள். அழுத்தினால் உள்ளேயுள்ள சிறு பீங்கான் துண்டில் மின்சாரம் தோன்றித் தீப்பொறி தெறிக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதை 1880இல் பாரிசு நகரில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார் கண்டனர். பின்னாளில் மேரி கியூரியை மணந்தவரே இப்பியேர். மறு ஆண்டிலேயே அதன் மறுதலையும் மெய்ப்பிக்கப்பட்டது. மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நீளும் அல்லது சுருங்கும். மெல்லிய பீங்கான் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மின்னழுத்தம் கொடுத்தால், ஒரு சென்டிமீட்டர் அடுக்கு ஏறத்தாழப் பத்து மைக்ரான் நீளும். ஆடியைத் திருத்த அதுவே போதும்.

இப்பீங்கானுக்கு ஒரு குணக்கேடு உண்டு. மின்னழுத்தத்தை ஏற்றும்போது சென்ற வழியிலேயே, இறக்கும்போது அது திரும்புவதில்லை, சற்றே பிந்தும். திருத்த வந்த கையே பிழை செய்கிறது! ஆயினும் கேடில்லை. கண் மீண்டும் அளக்கிறது. எஞ்சிய பிழையை அடுத்த சுற்றில் கை திருத்துகிறது. ஒரே அடியில் சரியாக்க வேண்டும் என்னும் கட்டாயம் இங்கில்லை. மீண்டும் மீண்டும் அளப்பதே இதன் வலிமை.

வேறு வகைக் கைகளும் உண்டு. ஒலிபெருக்கியின் கூம்பினை அசைப்பது காந்தமும் கம்பிச் சுருளும் அன்றோ? அம்முறையிலேயே ஆடியை அசைப்பதும் உண்டு. சிலி நாட்டின் பரனால் மலையிலுள்ள ஐரோப்பியப் பெருந்தொலைநோக்கி ஒன்றில் 2016இல் பொருத்திய இரண்டாம் ஆடி, 1.12 மீட்டர் அகலமும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பருமனும் உடையது. அதன் முதுகில் ஒட்டிய காந்தங்களை 1,170 சுருள்கள் தள்ளியும் இழுத்தும் ஆள்கின்றன. அம்மெல்லிய கண்ணாடியை உருவாக்கியதும் பிரெஞ்சு நிறுவனமே. மற்றொரு வகையில், சிலிக்கான் சில்லின் மேலேயே விரல் நகத்தளவில் ஆடியும் உந்துகோல்களும் ஒன்றாகச் செதுக்கப்படுகின்றன. அவ்வகை ஆடியைக் கொண்டு, புனேயிலுள்ள நம் பல்கலைக்கழகங்களுக்கிடை வானியல் மையமும் அமெரிக்கக் கால்டெக் நிறுவனமும் சேர்ந்து, ஆள் துணையின்றித் தானே இயங்கும் கருவியொன்றைப் பாலோமர் மலையில் நிறுவின.

அளந்து திருத்தி மீண்டும் அளக்கும் இம்முறை நமக்கு அயலானதா? பறையைத் தீயில் காய்ச்சும் பெரியவரை நினைத்துப் பாருங்கள். தோலைச் சூடேற்றுவார், தட்டுவார், செவி சாய்ப்பார். ஓசை தளர்ந்திருந்தால் மீண்டும் காய்ச்சுவார், மீண்டும் தட்டுவார். செவி அளக்கிறது, கருத்து முடிவு செய்கிறது, கை திருத்துகிறது. அறிவியலார் நூல்களில் எழுதிய அதே சுற்று இது. அதனை அறிவு என்று அழைக்க ஊர் மறுத்ததேயன்றி, அது அறிவாக இல்லாமற் போகவில்லை.

இவ்வாடி தந்தது யாது?

விண்ணில் முதலில் சொல்வோம். நம் பால்வெளி மண்டலத்தின் நடுவே, ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று இருப்பதை, அதனைச் சுற்றிவரும் விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து நோக்கி மெய்ப்பித்தனர் ஆந்திரியா கெசு அம்மையாரும் இரைனார்டு கென்செலும். அவ்வளவு நெருக்கமான மீன்களைத் தனித்தனியே பிரித்துக் காட்ட உருமாறும் ஆடிகள் பெரிதும் உதவின. 2020ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் இருவரும் பங்கு பெற்றனர். இயற்பியலுக்கு அப்பரிசு பெற்ற நான்காவது பெண் கெசு அம்மையார் என்பதை மாணவியர் கருத்தில் கொள்க.

மண்ணிலும் பயன் உண்டு. நம் கண்ணின் வில்லையும் வெண்படலமும் குறையற்றவை அல்ல. காற்றைப் போலவே அவையும் ஒளியைக் கசக்குகின்றன. 1990களின் இறுதியில் அமெரிக்காவின் ரோச்செசுடர் பல்கலைக்கழகத்தார் இவ்வாடியைக் கண் ஆய்வுக் கருவியில் பொருத்தி, உயிருள்ள மனிதரின் விழித்திரையில் உள்ள கூம்பு உயிரணுக்களை ஒவ்வொன்றாகக் கண்டனர். வானுக்காகப் பிறந்த கருவி, கண்ணோய் ஆராய்ச்சிக்கும் வந்து சேர்ந்தது.

நம் ஊரின் பங்கு

இனி, இளைஞர்களே, நம் ஊருக்கு வருவோம். முப்பது மீட்டர் தொலைநோக்கி என்னும் பெருந்திட்டம் ஒன்றில் அமெரிக்கா, சப்பான், கனடா நாட்டு நிறுவனங்களோடு இந்தியாவும் பங்காளியாயிற்று. நடுவண் அமைச்சரவை 2014 செப்டம்பரில் ஏறத்தாழ 1,300 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. முப்பது மீட்டர் அகலத்தில் ஒரே ஆடியைச் செய்ய எவராலும் இயலாது. எனவே, ஒவ்வொன்றும் 1.44 மீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் பருமனும் உள்ள 492 அறுகோணத் துண்டுகளைத் தேனடைபோல் அடுக்கி ஓராடியாக்குவது என்பது திட்டம்.

காற்று வீசும், இரும்பு சூட்டில் விரியும், தொலைநோக்கி திரும்பத் திரும்ப அதன் எடையே அதனை வளைக்கும். அப்போதும் 492 துண்டுகளும் ஒரே ஆடியாக நிற்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு துண்டின் கீழும் மூன்று உந்துகோல்கள், ஆக 1,476. துண்டின் முகத்தையே சற்று வளைத்துச் சீர்செய்ய ஒவ்வொன்றுக்கும் 21 சிறு விசையமைப்புகள். அடுத்தடுத்த இரு துண்டுகளுள் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று நானோமீட்டர் கணக்கில் உணர்ந்து சொல்ல 2,772 விளிம்பு உணரிகள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர்.

இது மெதுவாக நடக்கும் திருத்தம்; ஆடியின் சொந்தப் பிழைகளை இது போக்கும். காற்றின் பிழையைப் போக்க, இதற்கு அப்பால் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உந்துகோல்களைக் கொண்ட இரண்டு உருமாறும் ஆடிகள் நொடிக்கு ஏறத்தாழ 800 முறை இயங்கும் வண்ணம் திட்டமிடப்பட்டுள்ளன. தன் பிழையை முதலில் திருத்திக்கொண்ட ஆடியே பிறர் செய்த கலக்கத்தைத் திருத்த வல்லதாகிறது.

ஆடித் துண்டுகளுள் ஒரு பகுதியைத் தேய்த்து மெருகிடும் பொறுப்பு, பெங்களூரை அடுத்த ஓசகோட்டேயிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வளாகத்திற்கு. உந்துகோல்களைச் செய்யும் பணியில் பெங்களூரின் அவசரலா நிறுவனம் ஈடுபட்டது. விளிம்பு உணரிகளைச் செய்யும் பணி எங்கே வந்தது தெரியுமா? நம் புதுச்சேரிக்கு! இங்குள்ள ஜெனரல் ஆப்டிக்ஸ் ஏசியா என்னும் நிறுவனம் அப்பணியை மேற்கொண்டது. மின் கடத்தும் பூச்சிட்ட இரு கண்ணாடிக் கட்டிகள் அடுத்தடுத்த துண்டுகளில் எதிரெதிரே பொருத்தப்படும். இரண்டும் சேர்ந்து ஒரு மின்தேக்கி. ஒரு கட்டி இம்மியளவு விலகினாலும் மின்தேக்கியின் அளவு மாறிவிடும்; பிழை தெரிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட விளங்கிக்கொள்ளத்தக்க கருத்து இது. அதனைக் கண்ணாடியில் செய்து காட்டுவதற்கோ தேர்ந்த கை வேண்டும். லெ ஜாந்தீ மேகத்திடம் தோற்ற ஊரில், வானைத் தெளிவாகக் காட்டவிருக்கும் ஆடிக்கு உணர்வு ஊட்டும் உறுப்பு உருவாயிற்று என்பது நமக்குப் பெருமையே.

பெருமையோடு மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இத்தொலைநோக்கிக்குத் தேர்ந்த இடம் அவாய் தீவின் மவுனா கீ மலை. அம்மலை அத்தீவின் பழங்குடி மக்களுக்குத் திருத்தலம். 2014இல் அடிக்கல் விழாவிலேயே அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2015இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், முறையான விசாரணைக்கு முன்பே தரப்பட்டது என்று கூறி அனுமதியை நீக்கியது. 2018இல் புதிய அனுமதியை ஏற்றது. 2019இல் முதியோர் பலர் மலைச் சாலையில் அமர்ந்து மறித்துக் கைதாயினர். 2025இல் அமெரிக்க அரசின் நிதி ஆதரவு ஐயத்திற்குள்ளாயிற்று. தன் லா பால்மா தீவில் அமைப்பதானால் 40 கோடி யூரோ தருவதாக அதே ஆண்டில் ஸ்பெயின் அரசு அறிவித்தது. ஒரு மக்களின் நிலத்தில் எது நடப்பினும் முதலில் அம்மக்களைக் கேட்க வேண்டும் என்பதை நாம் எவரிடமும் கற்க வேண்டியதில்லை. அறிவியல் வேண்டும், அறிவியலின் பெயரால் எவரையும் ஓரங்கட்டுதல் வேண்டா. இரண்டையும் ஒருசேரச் சொல்லும் தகுதி நமக்கு உண்டு.

எம் குறை ஒன்று

இவ்வளவும் கேட்ட நீங்கள், தலைமை ஆசிரியர் இதனைச் சொல்ல ஏன் இத்துணை ஆர்வம் கொண்டார் என்று எண்ணலாம். யாம் பள்ளியில் பயின்ற காலத்தில் ஆய்வகத்தில் ஒரே ஒரு குவிவில்லை இருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் அதனைக் கையில் வாங்கிப் பார்த்தனர். எம் வரிசைக்கு வருமுன் அது பெட்டிக்குள் சென்றுவிடும். காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்களுக்கும் கேட்கத் துணிவு வந்ததில்லை. வில்லையைத் தொடாமலே வில்லையின் சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேறினோம். அக்குறையைப் பிறர் செய்தனர்.

யாம் செய்த குறை வேறு. சில ஆண்டுகளுக்கு முன்பு, எம் பொறுப்பிலிருந்த பள்ளியில் ஒரு மாணவி பத்தாம் வகுப்பில் கணக்கில் 41 மதிப்பெண் பெற்றாள். இயற்பியல் படிக்க விரும்பினாள். கொத்து வேலை செய்யும் அவள் தந்தை எம்மிடம் வந்து, “ஐயா, நீங்க சொல்றதுதான்” என்றார். “இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது, வேறு பிரிவில் சேருங்கள்” என்று சொல்லி அனுப்பினோம். பின்னர் ஒரு நாள், அலமாரியை ஒழிக்கும்போது அவளுடைய அரையாண்டுத் தேர்வுத் தாள் கையில் கிட்டியது. நிதானமாகப் படித்தோம். வழிமுறை எல்லாக் கணக்கிலும் சரி. சமன்பாட்டின் மறுபக்கத்திற்கு எண்ணைக் கொண்டு செல்லும்போது கழித்தல் குறியை விட்டிருந்தாள். ஏழு கணக்குகளில் ஏழு முறை, அதே இடத்தில், அதே பிழை! ஒரு மாலைப் பொழுதில் திருத்தியிருக்கக் கூடியது அது. சிவப்பு மையால் ஏழு பெருக்கல் குறிகளை இட்டவர்கள், ஏழும் ஒன்றே என்று காணவில்லை. மொத்தத்தைக் கூட்டிப் போட்டோமேயன்றி, எந்தப் புள்ளி எத்திசையில் விலகியது என்று பார்க்கவில்லை. அவள் இன்று நலமாகவே இருக்கிறாள். வழியில் கண்டால் வணங்குகிறாள். அவ்வணக்கத்தை ஏற்கும்போதெல்லாம் எமக்கு உள்ளம் குறுகுகிறது.

பின்னர் உருமாறும் ஆடியைப் பற்றிப் படித்தபோது அத்தாளே எம் நினைவுக்கு வந்தது. பிழையைக் கண்டதும் ஒதுக்கித் தள்ளும் கருவியாக அது அமைந்திருந்தால், ஒரு நொடிகூட இயங்கியிராது. பிழையே அதற்கு வழிகாட்டி. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளையின் பிழைக்குள் அப்பிள்ளை மட்டும் இல்லை. வீட்டில் மேசையின்மை, விளக்கின்மை, சொல்லித்தர ஆளின்மை எல்லாம் கலந்துள்ளன. வழியில் கசங்கிய ஒளியை விண்மீனின் குற்றம் என்போமா?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இவ்விழாவில் முன்வைக்கிறோம். பெற்றோர்களே! மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்துப் பிள்ளையின் வழியை முடிவு செய்யாதீர்கள்; விடைத்தாளைக் கழகத்தின் மாலை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். கழகப் பொறுப்பாளர்களே! ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிழை ஏடு வையுங்கள். எந்தப் பிழை எத்தனை முறை வந்தது, என்று நீங்கியது என்று எழுதி வாருங்கள். விழா மிச்சத்தில் சில வில்லைகளும் ஒரு சிறு தொலைநோக்கியும் வாங்குங்கள். அவை பெட்டிக்குள் இருத்தல் ஆகாது. கடைசி வரிசைப் பிள்ளையின் கையிலிருந்தே தொடங்க வேண்டும். இளைஞர்களே! கண்ணாடியைத் தேய்ப்பதும், பூச்சிடுவதும், நானோமீட்டரில் அளப்பதும், கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுவதும் இன்று தொழில்கள். தொழிற்பயிற்சி நிலையத்தின் வழியாகவும், பாலிடெக்னிக் வழியாகவும், இயற்பியல் பட்டத்தின் வழியாகவும் அங்கே செல்லலாம். வானைப் பற்றிய அறிவு எட்டாத உயரத்தில் இல்லை. அதன் ஓர் உறுப்பு உங்கள் ஊரிலேயே செய்யப்பட்டது.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் பொன்விழா வரும். அம்மேடையில் இவ்வூர்ப் பிள்ளை ஒருவர், தாம் செய்த ஆடியைப் பற்றிப் பேச வேண்டும். அன்று யாம் உயிரோடு இருந்தால் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்போம்.